மகவிழந்தார்க்குத் தேறுதல் கூறும் முறை

மக்கட்பேறு இல்வாழ்வார்க்கு இறைவன் அளிக்கும் பேறுகளுட் சிறந்தது என்பது எல்லாரும் ஒப்ப முடிந்தது. அது சிறந்ததாதல் பற்றியே அதன் இழவும் ஏனை இழவுகளினும் கொடிதாயிற்று. முதுமையுற்ற தந்தை தாயர் இறப்பின் மக்கள் வருந்துவர். எனினும் முறைப்படி நிகழ்ந்ததென்று நாளடைவில் தேறுவர். மக்கள் முந்திப் போகப் பெற்றோர் பிந்தி நிற்றலோ முறை பிறழ்ந்தது. தனக்குக் கடன் ஆற்றுதற்குரியவனைத் தானே கொண்டுபோய்க் கிடத்தும் தந்தைக்கும், பால் வற்றுமுன் மடி வெறிதாகிய தாய்க்கும் யாது சொல்லித் தேற்றுவது என்பது சைவ நன்மக்களும் திருமடங்களின் தொடர்புடையாரும் ஆராய்ந்து தெளியவேண்டுவதொன்று. அத்தகைய வீடுகட்கு நம்மனோரையே அழைக்கின்றனர். நான்கு நல்ல வார்த்தை சொல்லுக என வேண்டுகின்றனர். ஆண்டுச் சென்று நாம் சொல்வன நல்ல வார்த்தைகள்தாமோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை எழுதுதற்கு எம்மைத் தூண்டியது எமது பிழையொன்றாம். அதனை மறையாது கூறுதும்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகட்கு முன், எம்மூராகிய வாலாஜாபாத்தில், அடுத்த தெருவில் ஆறு வயதுப் பெண்மகவொன்று காய்ச்சலால் மூன்று நாளில் இறந்தது. இழவு கேட்கச் சென்ற யாம், நூல் கற்றோம் என்னுஞ் செருக்கினால், சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் மூவகை வினையின் இயல்பையும், பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டும் என்பதையும் அரைமணி நேரம் விரித்துரைத்தேம். சுவரிற் சாய்ந்து கேட்டிருந்த தாய் தலைநிமிர்ந்து, "ஐயா, இது அவள் செய்ததா, நான் செய்ததா? நான் செய்தது என்றால் என்னை விட்டு அவளை ஏன் எடுத்தார்? அவள் செய்தது என்றால் ஆறு வயசுக்குள்ளே அவள் என்ன செய்திருப்பாள்?" என்று வினவினாள். சித்தாந்தத்தில் இதற்கு விடையுண்டு. அவ்விடையைச் சொல்ல யாம் வாய்திறந்தபோது, அவ்வீட்டு முதியவள் கையமர்த்தி, "போதும் ஐயா, விளக்கேற்றும் நேரமாயிற்று" என்றாள். எழுந்து வந்தேம். அதன்பின் அத்தாய் எம்மைக் கண்டால் தெருவின் மறுபுறம் செல்வாளாயினள். யாம் வெள்ளிக்கிழமைதோறும் புராணம் சொல்லிவந்த திருக்கோயிலுக்கு வருதலையும் ஒழிந்தனள். ஒருயிரைச் சிவபிரான் சந்நிதிக்கு அழைத்தற்கென்று கற்ற கல்வி, ஒருயிரை அச்சந்நிதியினின்றும் விலக்கிற்று. இதனினும் பெரிய பிழை யாது?

வினையுண்மை பிறரை நோக்கிக் கூறத்தக்கதோ?

அத்தாய்க்கு யாம் சொல்லவிருந்த விடை இது: மகவின் உடம்பு நீங்கியது அவ்வுயிர் முற்பிறவிகளில் ஈட்டிய வினையின் நுகர்ச்சி முடிந்தமையான்; பெற்றோர் எய்திய துன்பம் அவர்தம் வினையான்; இவ்விரண்டனையும் ஒருங்கு கூட்டுவான் இறைவன். நூன்முறையான் இது குற்றமற்ற விடையே. வினைக்கொள்கை பொய்யென்று கூறுதல் எமது கருத்தன்று. அவ்விடையை அவ்விடத்துக் கூறப்புகுந்தமை சித்தாந்தத்திற்கே மாறாயிற்று என்பதுதான் யாம் பிற்காலத்துத் தெளிந்தது. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, உயிர் சிற்றறிவினது. முற்றுணர்வு இறைவன் ஒருவனுக்கே உரியது. எண்ணிறந்த பிறவிகளில் ஈட்டிக் கிடந்த வினைகளுள் எது, எப்போது, எவ்வுயிர்க்குப் பயன்தர வந்தது என்பதை அறிவார் யார்? நம் தலைவலிக்குக் காரணமாய வினை இன்னதென்று நாமே அறியேம். அங்ஙனமாகப் பிறன் வீட்டு வாயிலில் நின்று, "இது நீ செய்த வினை" என்பார், தமக்கில்லாத முற்றறிவைத் தமக்கு உளதாக வைத்துப் பேசுகின்றனர். வினையெனும் பொதுவுண்மையை நூலான் அறியலாம். ஒருவர்க்கு வந்த ஒரு துன்பத்தின் சிறப்புக் காரணத்தை நூலான் அறிதல் இயலாது. பொதுவை அறிந்த துணையானே சிறப்பையும் அறிந்தாற்போலப் பேசுதல் ஆணவத்தின் செயலன்றிப் பிறிதன்று.

இரண்டாவது, வினை அறிவற்ற சடம். அது தானே வந்து ஒருவரை ஒறுக்கமாட்டாது. இறைவன் உயிரின்மேல் வைத்த அருளினால் அதனைக் கூட்டுவிக்கின்றான். மலநோய் தீர்தற்கு மருந்தாகக் கூட்டுவிக்கின்றான் என்பது நம் கொள்கை. இதில் அருள் என்னும் பகுதியை விட்டு வினை என்னும் பகுதியை மட்டும் எடுத்துச் சொன்னால், கேட்பார் சிவபிரானைத் தண்டலாளன் ஒருவனாகவே எண்ணுவர். இனி, "உன் மகவின் சாவு உனக்கு மருந்து" என்று கூறுதலும் அவ்வேளையில் தகாது. மருந்தின் இயல்பை மருத்துவன் அறிவான். அருகிருப்பார் செய்யத்தக்கது நோயுற்றான் கையைப் பிடித்துக்கொண்டிருத்தலே.

மூன்றாவது, வினை என்னுஞ் சொல் மாந்தர் தவற்றை மூடும் போர்வையாகிவிடும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் நிகழ்ந்ததை நாடறியும். மதிய உணவு சமைக்கும் இடத்திற் பற்றிய தீ கூரைவேய்ந்த வகுப்புகளிற் பரவ, 94 குழந்தைகள் மாண்டனர். திருவாவடுதுறையும் தருமபுரமும் திருப்பனந்தாளும் சூழ்ந்த நாட்டில், மடங்களின் நிழலில் உள்ள ஊரில் நிகழ்ந்தது அது. அப்பெற்றோரிடம் சென்று வினையென்று கூறுதல், கூரையின் கீழ்க் குழந்தைகளை நெருக்கி அடைத்தவர்களை விடுவித்தலாகும். பிறர் வாயிலாக வரும் துன்பத்தில், அதனைச் செய்தார்க்கும் செய்யாமற் கைவிட்டார்க்கும் அது புதிய ஆகாமியமாய் ஏறும் என்பது நம் நூல்களின் துணிபு. ஆகவே சித்தாந்தம் தவறிழைத்தாரை விடுவிப்பதன்று. பத்தாண்டு கழிந்து, 2014 ஜூலை 30-ஆம் நாள், தஞ்சாவூர் நீதிமன்றம் பதின்மரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2017-இல் உயர்நீதிமன்றம் அத்தண்டனைகளை மாற்றியமைத்தது. அத்துணை ஆண்டும் அப்பெற்றோர் துயரும் நீதிவேட்கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நீதி கேட்பாரை "மறந்துவிடுக" என்பதும் தேறுதலன்று.

இம்மூன்றனையும் யாம் உணர்தற்கு மெய்கண்டார் வரலாறே துணையாயிற்று. சகலாகம பண்டிதராய் விளங்கிய அருணந்தியார், திருவெண்ணெய்நல்லூரிற் சிறுமகவாகிய மெய்கண்டாரை அடைந்து, ஆணவமலத்தின் இயல்பு யாதென்று நின்றபடி வினவினார். அக்குழவி விடையொன்றுங் கூறாது அவரையே உற்றுநோக்கிற்று. நோக்கிய அளவில் பண்டிதர் தாமே அதற்கு இலக்காய் நிற்றலை உணர்ந்து அடிவீழ்ந்தார் என்பது வரலாறு. நம் மரபின் முதலாசிரியர் பண்டிதருக்கு அறிவுறுத்தியது மௌனத்தினால். அவ்வீட்டில் நின்று பேசிய எம்மையும் அக்கண்கள் நோக்கியிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்று பலகால் எண்ணியதுண்டு.

திருத்தொண்டர் புராணம் காட்டும் நெறி

சேக்கிழார் பெருமான் மகவிழந்த வீடுகள் பலவற்றைக் காட்டுகின்றார். அவ்வீடுகளில் அடியார்கள் மகவை உயிர்ப்பித்த அற்புதத்தையே நாம் எடுத்துப் பேசுகின்றோம். உயிர்ப்பித்தல் நம்மால் ஆகாதது. அதற்குமுன் அவர்கள் செய்தன யாவை என்று நோக்கின், நம்மால் ஆவன பல ஆண்டுள.

திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகன் வாழைக்குருத்து அரியச் சென்று பாம்பு தீண்டி இறந்தான். அமுதுசெய்ய எழுந்தருளிய நாவுக்கரசருக்கு இடையூறாகும் என்று பெற்றோர் அதனை மறைத்தனர். மூத்த மகன் எங்கே என்று அரசர் வினவ, இப்போது அவன் உதவான் என்ற துணையே விடை வந்தது. அரசர் அம்மட்டில் அமைந்து உண்ணவில்லை. அவர் உள்ளம் கலங்கிற்று. உண்மையை உரைக்க என மீட்டும் வினவினார். மறைந்து கிடந்த துயரை வெளிக்கொணர்ந்தார். இலை விரித்திருக்க, உண்ணாது எழுந்தார். விருந்தின் மகிழ்ச்சியினும் வீட்டாரின் துயர் பெரிது என்று முதலிற் கண்டமையே அவர் செய்தது. இக்காலத்தும் வந்தார்க்குக் காபி கொடுத்து நன்றாயிருக்கிறோம் என்னும் வீடுகள் பல. அந்நன்மையை நம்பி எழுந்து வருவார் அரசர் நெறி நில்லாதார்.

திருப்புக்கொளியூர் அவிநாசியில், ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையொலியும் கேட்ட நம்பியாரூரர், அதன் காரணம் யாதென்று நின்று கேட்டார். ஐந்தாண்டுப் பருவத்தில் ஒருங்கு நீராடச் சென்ற சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் மங்கலம். ஆகவே எதிர்வீட்டில் அழுகை என்றனர். இதனை ஊன்றி நோக்குக. மகன் இறந்தது அன்றன்று, ஆண்டுகள் கழிந்தன. உடன் சென்றவன் மங்கலம் பெற்ற நாளில் ஆறியதாகத் தோன்றிய புண் மீண்டும் வாய்திறந்தது. துயரம் கருமாதியோடு முடிவதன்று. மகவோடொத்த பிள்ளைகள் பள்ளி செல்லும் நாள், தேர்வெழுதும் நாள், மணம் பெறும் நாள் என ஒவ்வொன்றிலும் அது புதிதாகும் என்பதை எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே சேக்கிழார் அறிந்து பாடியிருக்கின்றார். அப்பெற்றோர் நம்பிகளைக் கண்டு முகமலர்ந்து வணங்கியபோதும், மகனை இழந்தீர் நீரோ என்று அவர் நேரே வினவினார். அவர் முகமலர்ச்சி துயரின்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்படவில்லை.

மயிலையிற் சிவநேசர், பூம்பாவையின் எலும்பையும் சாம்பரையும் குடத்தில் வைத்து, பட்டும் மலரும் அணிந்து, கன்னிமாடத்திற் காத்தார். இன்று ஒருவர் அங்ஙனஞ் செய்யின் அறிவு திரிந்ததென்பர். சேக்கிழார் அச்சொல்லைக் கூறிற்றிலர்; ஞானசம்பந்தரும் அதனைக் கடிந்திலர். அக்குடத்தையே கொணர்க என்றார். மகவின் சட்டையையும் சிலேட்டையும் பெட்டியில் வைத்துக் காக்கும் தாயிடம், "இவற்றை எறிந்துவிடு, அப்போதுதான் மறக்கும்" என்பார் இதனை நினைக்க.

தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை நிகழும். சிறுத்தொண்ட நாயனாரும் மனைவியாரும் தம் ஒரு மகனை மகிழ்ந்து கொடுத்தனர், கண்ணீர் சொரிந்திலர், அவரன்றோ சைவர்க்கு எடுத்துக்காட்டு? மகவிழந்து அழுதல் பாசத்தின் மிகுதியன்றோ? எனின், கூறுதும். அது செயற்கரிய செய்த திறம். வணங்குதற்கு வைக்கப்பட்டது, அளவுகோலாக வைக்கப்பட்டதன்று. அவர்தம் அன்பின் வரம்பை இறைவன் ஒருவனே அளந்தான். நாம் அதனைக் கொண்டு எதிர்வீட்டு ஏழைத் தாயை அளத்தல் அடியார்க்கும் இழுக்கு, அவட்கும் இழுக்கு. மேலும் அவ்வரலாற்றின் முடிவை நோக்குக. மகனின்றி உண்ணேம் என்றான் இறைவன், வாயிலிற் சென்று அழைக்க என்றான், தந்தையும் தாயும் அழைத்தனர், சீராளன் வந்தான். அவ்வரலாறும் மகவின் பெயரை வாய்விட்டு அழைத்தலிலேயே முடிகின்றது.

மற்றொரு தடை: இறந்தாரை நினைந்து அழுதால் அவ்வுயிர்க்கு ஊறு நிகழும் என்று மக்கள் கூறுவரே எனின், முற்றுந் துறந்த பட்டினத்தடிகளும் தாயின் ஈமத்திற் கரைந்து பாடினார் என்பது வரலாறு. உயிர் செல்லும் வழியை நடத்துவான் இறைவன். தாயின் கண்ணீர் அவ்வழியை மறிக்கும் ஆற்றலுடையதன்று. அழுதலைத் தடுத்தற்கு இங்ஙனம் அச்சமுறுத்துவார், துயரின்மேல் ஒரு பழியையும் ஏற்றுகின்றனர்.

இக்காலத்தார் கண்டன

மேலைநாட்டில் இத்துறை ஒரு தனிப் பயிற்சியாக வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் காவென்ட்ரி நகர மருத்துவமனையில் 1968-இல் அணித்தணித்தாகச் சிறுவர் இருவர் இறந்தனர். ஆங்கு இளைய குருவாயிருந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்பார், தாம் கூறிய சமயமொழிகளினும், அவ்விரு சிறுவரின் பெற்றோர் ஒருவரையொருவர் கண்டு பேசியமையே அவர்க்கு ஆறுதலாயிற்று என்று கண்டார். அதனின்று 1969-இற் பிறந்தது கம்பாஷனேட் பிரண்ட்ஸ் என்னும் சங்கம். பரிவுடை நண்பர் என்பது அதன் பொருள். மகவிழந்தாரே மகவிழந்தார்க்குத் துணையாதல் அதன் முறை. சமயத்தொழிலர் ஒருவரே தம் மொழியின் எல்லையை உணர்ந்து ஒதுங்கி இடங்கொடுத்தது நமக்கும் பாடமாம்.

துயரம் ஐந்து படிகளில் ஏறி இறங்கும் என்று பலர் கூறுவர். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் எழுதிய அது, முதற்கண் சாவை எதிர்நோக்கிய நோயாளரைப் பற்றியது. எல்லாத் துயர்க்கும் வரிசை வகுத்ததன்று. வில்லியம் வொர்டன், துயருற்றார் செய்யவேண்டிய பணி நான்கு என்றார்: இழவு உண்மையே என ஏற்றல், நோவை நோவாகவே நுகர்தல், இறந்தவரில்லாத வாழ்வுக்கு ஒத்துப் பழகுதல், இறந்தவரோடு உள்ளத்தில் ஒரு தொடர்பு வைத்துக்கொண்டே வாழ்வைத் தொடர்தல். மறத்தல் என்பது இந்நான்கனுள் இல்லாமை காண்க. 1996-இல் வேறு ஆராய்ச்சியாளர் மூவர், இறந்தாரோடு தொடர்பு நீடித்தல் நோயன்று, இயல்பே என நிறுவினர். சிவநேசரின் குடம் அவர்க்குப் புதிதாகத் தோன்றியிராது.

நம் நாட்டிலும் இதனைக் கண்கூடாக அறிந்தோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் மிகப் பலர். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையத்து மருத்துவர்கள் ஆங்கு வந்து, ஊரிலுள்ள ஆசிரியர்க்கும் தொண்டர்க்கும் துயருற்றாரொடு பழகும் முறையைப் பயிற்றினர். 1986 முதல் சென்னையில் நடைபெறும் சிநேகா அமைப்பின் தொண்டர்களும் கடற்கரைக் குடிகளிற் சென்று அமர்ந்து செவிகொடுத்தனர். அவர் பெரும்பாலும் செய்தது கேட்டலே. குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த பெற்றோர் மீண்டும் மகப்பெறுதற்கு அரசு இலவச அறுவைச் சிகிச்சைக்கு வழிசெய்தது. அது நல்லதோர் உதவி. ஆயினும் பின்வந்த மகவு முன்போன மகவின் இடத்தை நிரப்புவதன்று. அதனை அங்ஙனம் எண்ணி வளர்ப்பின் அம்மகவுக்கும் அது சுமையாம்.

கும்பகோணத்திற் பெற்றோர் ஆண்டுதோறும் ஜூலை 16-ஆம் நாள் அப்பள்ளியின் முன் கூடுகின்றனர். மக்களின் படங்களை வைத்து, அவர் விரும்பி உண்ட தின்பண்டங்களைப் படைத்து, மலர்தூவி அழுகின்றனர். இருபதாண்டு கடந்தும் இது நிகழ்கின்றது. ஒருவர் துயரை ஒருவர் விளக்கமின்றி அறிந்த கூட்டம் அது. எப்பண்டிதரும் வகுத்துக் கொடுக்காது தாமே கண்ட வழிபாடு.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

மேற்கூறியவற்றால் துணியப்படுவன வருமாறு.

இழவு வீட்டிற் சென்றால் முதலில் இருத்தல் வேண்டும்; பேசுதல் வேண்டா. பேசநேரின், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதே மெய்யும் தக்கதும் ஆகும். நீ இளையவள், இன்னும் பிறக்கும்; மற்றை மக்கள் இருக்கின்றனரே; நல்லவர்களை ஆண்டவன் விரைவில் அழைத்துக்கொள்வான் என்னும் மூன்றும் வழக்கில் மிகப் பயில்வன. மூன்றும் ஒழியத்தக்கன. முதலாவது மகவைப் பண்டமாக்கும். இரண்டாவது துயரைக் கணக்கிடும். மூன்றாவது உடனிருக்கும் மற்றை மகவை அச்சுறுத்தும்.

தந்தையை மறத்தலாகாது. ஊரார் தாயைச் சூழ்வர். தந்தை பாடைக்கும் பத்திரத்துக்கும் அலைவான். அவன் அழுத இடத்தை யாரும் காணார். உடன்பிறந்த சிறுவரையும் மறத்தலாகாது. தம்பி ஊருக்குப் போயிருக்கிறான், தூங்குகிறான் என்று கூறின், அச்சிறுவர் ஊருக்குச் செல்லவும் உறங்கவும் அஞ்சுவர். இறந்தான், இனி வாரான், நாம் உன்னோடு இருக்கின்றோம் என்று எளிய சொல்லால் உண்மையே கூறுக. கருவில் இறந்ததும் பிறந்தவுடன் இறந்ததுமாகிய மகவுகட்கு நம்மவர் வழக்கிற் கிரியை குறைவு; புதைத்து வந்தவுடன் எல்லாம் முடிந்ததென்பர். கிரியை குறைவாதலால் துயர் குறைவன்று. பத்துத் திங்கள் சுமந்தாட்கு அதுவும் மகவே.

மகவின் பெயரைச் சொல்லுதல் வேண்டும். பெயர் சொன்னால் நினைவு வருமே என அஞ்சுவர். பெற்றோர்க்கு அந்நினைவு நீங்கிய நாழிகையே இல்லை. யாம் மேற்கூறிய தாயைப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒருநாள் பேருந்து நிலையத்திற் கண்டேம். அன்று பேசியது தவறம்மா என்றேம். பின்னர், குழந்தையின் பெயரைக்கூட யாம் அன்று கேட்கவில்லை, அவள் பெயர் என்ன என்று வினவினேம். அவள் சொன்னாள். பெயரோடு, அவள் பேசிய பேச்சையும், பாவாடை தைக்கக் கொடுத்துத் திரும்பி வாங்காததையும் சொன்னாள். பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை, அடுத்த பேருந்துக்கும் நின்று சொன்னாள். யாம் ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த சோமவாரம் அவளைத் திருக்கோயிலிற் கண்டேம்.

ஆயின் சித்தாந்தம் சொல்லத்தக்க காலமே இல்லையோ எனின், உண்டு. துயருற்றார் தாமே வினவுங் காலம் அது. என் பிள்ளை இப்போது எங்கே என்று அவர் கேட்பின், உயிர் அழிவதன்று என்பதையும், இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கின்றான் என்பதையும் கூறுக. உடனாதல் என்னும் அச்சொல்லினும் தேறுதலாய சொல் எம் அறிவிற்கு எட்டவில்லை. தாய் கைவிட்ட இடத்தும் மகவின் உயிரோடு உடனாய்ச் சென்றவன் அவன். மகவை இழந்த வீட்டில் தாயோடு உடனாய் இருப்பவனும் அவனே. இவ்வளவு கூறி அமைக. ஏன் நிகழ்ந்தது என்று கேட்பின், யாம் அறியேம் என்க. அது சிற்றறிவின் உண்மை, சைவர்க்கு இழுக்கன்று.

துயர் மருத்துவனை நாடவேண்டிய நிலை எய்தலும் உண்டு. உணவும் உறக்கமும் நெடுங்காலம் ஒழிதல், மகவின் பின் செல்வேன் எனல், ஆறு திங்களுக்கு மேலும் துயர் சிறிதும் தணியாது வாழ்வு முற்றும் முடங்கல் ஆகியவை அதன் அடையாளம். நீடிய துயரை உலக நலவாழ்வு நிறுவனமும் ஒரு நோயாகத் தன் நூலிற் சேர்த்துள்ளது; அந்நூல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசு அவ்வாண்டு தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எப்போதும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். சாதல் பற்றிப் பேசுவாரைத் தனியே விட்டு எழுதல் கூடாது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலும் சிவத்தொண்டே.

திருமடங்கட்கு ஒரு வேண்டுகோள்

வாலாஜாபாத் இன்று எம் இளமைக்கால ஊரன்று. பாலாற்றங்கரையின் நெல்லும் நெசவுமாய் இருந்த இப்பக்கத்தில், ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் நிறைந்தன. வண்டலூர் சாலையிற் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் ஒற்றை அறையில் வாழ்கின்றன. முன்னாளில் ஒரு மகவு இறப்பின் தெருவே அடுப்பணைத்தது. அயலார் சோறு கொணர்ந்தனர். முதியவள் ஒப்பாரியில் மகவின் கண்ணையும் நடையையும் பெயரையும் எடுத்துப் பாடித் தாயை அழவைத்தாள். கல்லாத மகளிர் கூச்சல் என்று நாம் இகழ்ந்த அவ்வொப்பாரியே, வொர்டன் கூறிய இரண்டாம் பணியைச் செய்துவந்தது. லைன் வீட்டில் ஒப்பாரி வைக்கப் பாட்டி இலள். தோள்கொடுக்க மாமன் இலன். சில நாளில் தந்தை ஷிப்டுக்குச் செல்கின்றான். மொழியறியாத ஊரில் தாய் கதவடைத்து இருக்கின்றாள்.

இவர்களை நாடிச் செல்லுதற்குரியார் யார்? திருமடங்கள் தம்மிடம் பயிலும் ஓதுவார்க்கும் புராணஞ் சொல்வார்க்கும், நூற்பயிற்சியோடு கேட்டற் பயிற்சியும் அளித்தல் வேண்டும். மனநல மருத்துவரைச் சில நாள் அழைத்துப் பாடங் கேட்பித்தல் அரிதன்று. திங்களுக்கொருமுறை, மகவிழந்த பெற்றோர் கூடியிருத்தற்குத் திருக்கோயில் மண்டபமொன்றைத் திறந்துவிடலாம். ஆண்டுச் சொற்பொழிவு வேண்டா. ஒரு விளக்கும், இருக்கப் பாயும், விரும்பியபோது பாடத் திருமுறையும் போதும். மகவு இறந்த நாளை நினைந்து ஆண்டுதோறும் ஒருவர் சென்று அவ்வீட்டு வாயிலில் நின்றால், அது நூறு விரிவுரைக்கு மேலாம்.

கற்றது பிழையன்று, கற்றதை இடமறியாது பேசியதே பிழை. இளைய பண்டிதர் அப்பிழையை எம்போல் முப்பது ஆண்டு சுமவாதிருத்தல் வேண்டும் என்னும் ஆசையே இதனை எழுதுவித்தது. கண்ணீருடைய வீடுகளில் உடனாய் நிற்கும் பெருமான், அவ்வாயிலை மிதிக்கும் நமக்கும் சொல்லடக்கம் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.